பெருமாள் பார்த்துக்கொள்வாரா?

ஸ்ரீரங்கத்தில் தென்கலை வைணவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். பூனைக்குட்டி மாதிரி சும்மா இரு, தாய் கவ்விக்கொண்டு போவாள் என்பது எங்கள் வீட்டுப் பாடம். வடகலையார், தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள். எங்கள் பிள்ளை லோகாசாரியரா, அவர்கள் வேதாந்த தேசிகரா என்று தலைமுறை தலைமுறையாகத் திண்ணையில் வாதாடியாயிற்று. பிழைப்புக்கு ஆஸ்பத்திரி ஆக்சிஜன் கேஸ் ரூமுக்கு வந்த பிறகுதான் அந்த வழக்கு என் தலையில் விழுந்தது.

வென்டிலேட்டரில் கிடப்பவர் முழுச் சரணாகதி; மூச்சுகூட அவர் வசம் இல்லை. குழாயின் மறுமுனையில் சிலிண்டர் சாவியோடு நிற்கிற நானும் அப்படியே இருந்துவிடலாமா? 2021 ஏப்ரல் 21 அன்று நாசிக் ஜாகிர் உசேன் மருத்துவமனையில் திரவ ஆக்சிஜன் தொட்டி கசிந்து, அழுத்தம் இறங்கி, குறைந்தது 22 நோயாளிகள் இறந்தார்கள். அதை விதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆயுத பூஜையன்று சிலிண்டருக்கும் பொட்டு வைக்க வரும்போதுதான் பெரிய தகராறு. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எதையும் வெறிகொண்டு எரிய வைக்கும். நிரப்பிய சிலிண்டருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம். வால்வைச் சட்டென்று திறந்தால் ரெகுலேட்டருக்குள் வாயு அமுங்கிச் சூடேறும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தீக்குச்சியே வேண்டாம். அதனால் விளக்கேற்றிய கையோடு, குங்குமமும் கற்பூரமுமாக வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

"சாமிக்கே தடையா தம்பி?" என்றார் ஸ்டோர்காரர்.

"சாமி உள்ளதான் இருக்காருண்ணே. விளக்கு மட்டும் வெளிய இருக்கட்டும்."

மயக்க மருந்து மெஷினில் மாட்டும் சின்ன சிலிண்டரைப் பார்த்திருக்கிறீர்களா? வால்வில் இரண்டு துளைகள். ஆக்சிஜனுக்கு 2, 5 ஆம் இடங்களில். நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5 இல். மெஷினில் அதற்கேற்ற முளைகள் இருக்கும். மாற்றி மாட்டினால் உட்காராது. (வாஷரை அடுக்கி மாட்டிவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு, அவர்களைப் பெருமாளாலும் திருத்த முடியாது.) மனுஷன் தவறுவான், அவன் சாமர்த்தியத்தை நம்பாதே என்று தெரிந்து செய்த ஏற்பாடு அது. யோசித்தால் தென்கலை சொல்வதும் அதைத்தானே? தன் முயற்சியில் பெருமை கொள்ளாதே என்றார்கள். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை.

என் உயிரை நான் பூனைக்குட்டியாக ஒப்படைக்கலாம். மாடியில் வென்டிலேட்டரில் கிடப்பவரின் உயிரை அப்படி ஒப்படைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

வரும் ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் கதவு நிலையில் வையுங்கள். வால்வு பக்கம் போகாதீர்கள்.