பகிடியும் பகிடிவதையும்

மாலை நேரம். வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியின் முன் கூடியிருக்கிறார்கள். ஓடுவது ஒரு பழைய படம். கதாநாயகன் பத்துப் பேரை ஒரே கையால் அடித்து வீழ்த்துகிறான், தலைமயிர்கூடக் கலையவில்லை. மூலையில் சாய்ந்திருக்கும் சின்ன மாமா ஒரு வார்த்தை சொல்கிறார். வீடே சிரிக்கிறது. படம் முடிந்தபின் கதை எவருக்கும் நினைவில்லை. மாமாவின் பகிடிகள்தான் நினைவில் நிற்கின்றன. இதில் குற்றம் ஏதும் உண்டா? இல்லை என்றே எவரும் சொல்வர்.

ஆனால் அதே மாமா தம் பகிடிகளை ஒலிப்பதிவு செய்து, படத்தோடு சேர்த்துக் கேட்கும்படி உலகத்துக்கெல்லாம் கொடுத்தால்? இன்னொருவர் அதைக் கேட்டு, இது நல்லது, இது கூடாதது என்று விமர்சனம் எழுதினால்? அந்த விமர்சகர் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? வேடிக்கையாகத் தோன்றும் இக்கேள்விக்குள் ஓர் ஒழுக்கப் பிரச்சினை மறைந்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பகிடி உரை ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. 1984-ல் 'கிங் கொங்' என்ற பழைய படத்தை லேசர் தட்டில் வெளியிட்டவர்கள், படத்தின் வரலாற்றைச் சொல்லும் விளக்கவுரை ஒன்றைத் தனி ஒலித்தடத்தில் சேர்த்தார்கள். அது கற்றறிந்தவரின் உரை. பகிடி உரையோ வேறிடத்தில் வளர்ந்தது. 1988 நவம்பரில் மினியாப்பொலிஸ் நகரின் சிறிய தொலைக்காட்சி நிலையமொன்றில், ஜோயெல் ஹொட்ஜ்சன் என்பவர் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். திரையிலே மட்டமான பழைய படமொன்று ஓடும். ஒரு மனிதனும் இரண்டு இயந்திரப் பொம்மைகளும் படமாளிகையில் அமர்ந்து பார்ப்பது போல, அவர்களின் நிழலுருவம் திரையின் அடியில் தெரியும். படம் முடியும்வரை அவர்கள் வாய் ஓயாது. பத்தாண்டுகளுக்கு மேல் ஓடி, 1999-ல் அது நின்றபோது, அதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே உருவாகியிருந்தது.

பின்னர் 2002-ல், பிரபல திரைப்பட விமர்சகரான ரொஜர் ஈபேர்ட், சாதாரண இரசிகர்களும் தாமே உரை பதிந்து இணையத்தில் பகிர்ந்துகொள்ளலாமே என்று எழுதினார். 2006-ல், அந்தப் பழைய நிகழ்ச்சியில் பங்குபற்றிய மைக்கேல் நெல்சன் 'ரிஃப்ட்ராக்ஸ்' நிறுவனத்தை ஆரம்பித்தார். அவர்கள் படத்தை விற்கவில்லை. உரையின் ஒலியை மட்டும் விற்றார்கள். வாங்கியவர் தம்மிடமுள்ள இறுவட்டைச் சுழலவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடச் செய்யவேண்டும். படத்துக்கு உரிமை வாங்கத் தேவையில்லாதபடியால், கோடிக்கணக்கான டொலரில் எடுத்த பெரிய படங்களையும் பகிடி பண்ண முடிந்தது. இரசிகர்கள் தாம் பதிந்த உரைகளை விற்பதற்கும் அந்நிறுவனம் இடமளித்தது.

அவ்வாறு இரசிகர் செய்யும் உரைகளை விமர்சிப்போர் வழக்கமாக எவற்றைப் பார்க்கிறார்கள்? குரல் தெளிவா? படத்தோடு ஒலி ஒத்துப் போகிறதா? பகிடி மிகுந்து கதையின் பேச்சை மூடிவிடுகிறதா? இவை வேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்கவேண்டிய ஒன்றை அநேகர் கேட்பதில்லை. சிரிப்பு யார்மேல் விழுகிறது?

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரில் பசளை விற்றுவந்த ஹரல்ட் வாரன் என்பவர், 1966-ல் 'மானோஸ்: விதியின் கைகள்' என்ற படத்தை எடுத்தார். செலவு ஏறத்தாழ 19,000 டொலர். சாவி கொடுத்து இயக்கும் அவருடைய கமரா, ஒரு தடவையில் அரை நிமிடம்தான் ஓடும். படப்பிடிப்பில் ஒலிப்பதிவு இல்லை; ஒரு சிலரே எல்லாப் பாத்திரங்களுக்கும் பின்னர் குரல் கொடுத்தார்கள். முதற்காட்சியிலேயே சபை சிரித்தது. படத்தில் நடித்த சிறுமி, தன் வாயிலிருந்து வேறொருத்தியின் குரல் வருவதைக் கேட்டு அழுதாள். வீங்கிய முழங்காலோடு தள்ளாடி நடக்கும் வேலைக்காரனாக நடித்த இளைஞன் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. படம் வெளிவருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே அவன் இறந்துவிட்டான்.

அந்தப் படத்தை 1993-ல் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர்' எடுத்துப் பகிடி பண்ணியது. அதன் பின்னர் அந்த முழங்காலைப் பார்த்து நாடு முழுவதும் சிரித்தது. உலகத்திலேயே மிக மட்டமான படம் என்ற பெயரும் அதற்கு வந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பகிடி இல்லாவிட்டால் அப்படம் என்றோ அழிந்து போயிருக்கும். பகிடியினால் பெயர் பெற்றபடியாலேயே, பின்னாளில் அதன் படச்சுருள் கண்டெடுக்கப்பட்டபோது, ஒருவர் அதைச் சிரத்தையோடு செப்பனிட முன்வந்தார். அன்று அழுத சிறுமியும் வளர்ந்து, அந்தப் படத்தைப் பற்றிய தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினாள். ஆகவே, பகிடி எல்லாம் பாவம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் எல்லை எங்கே? நம் பேச்சு வழக்கே அதைக் காட்டித் தருகிறது. பகிடி என்கிறோம்; பகிடிவதை என்றும் சொல்கிறோம். ஒரு சொல் தள்ளித்தான் வதை இருக்கிறது. புதிய மாணவனைப் பாடச் சொல்லிச் சிரிப்பதில் தொடங்கிய பழக்கம் எங்கே போய் முடிந்தது என்பதை, 1998-ல் இந்நாட்டில் அதற்கெதிராகச் சட்டமே இயற்றவேண்டி வந்ததிலிருந்து அறியலாம். பகிடி பண்ணியவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நாங்கள் சும்மா பகிடிக்குத்தானே செய்தோம்!"

புனித தோமஸ் அக்குவினாஸ் இதைத் தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். பரிகாசம் செய்பவன் மற்றவனை நாணச் செய்ய முயல்கிறான். சிறிய குறையைச் சொல்லிச் சிரிப்பது சிறு குற்றமாகலாம். ஆனால் ஓர் ஆளையே பொருட்படுத்தத் தகாதவன் என எண்ணிச் சிரித்தால் அது பெருங்குற்றம் என்பது அவர் கருத்து. அதே புனிதர், அளவான விளையாட்டையும் நகைச்சுவையையும் புண்ணியத்தோடு சேர்த்தே பேசுகிறார். சிரிக்கவே தெரியாதவனை அவர் மெச்சவில்லை.

தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று கூறி, எள்ளலை முதலில் வைத்தார். அதற்கு உரை கண்ட பேராசிரியர், பிறரை எள்ளி நகுவது மட்டுமல்ல, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதும் எள்ளலே என்கிறார். நமக்கு வேண்டிய அளவுகோல் இதற்குள்ளேயே இருக்கிறது. எள்ளப்பட்டவனும் கூடச் சிரிக்கக்கூடியதா? ஆம் எனில் அது பகிடி. அவன் எழுந்து வெளியே போனால்தான் நாம் சிரிக்கமுடியும் என்றால், அது வதையின் வாசற்படி.

கூடாத படத்தைக் கூடாதது என்று சொல்லக்கூடாதா என்று சிலர் கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும். குறையை மூடி மறைப்பது பிறர்சிநேகம் அல்ல. நிறையப் பணமும் வசதியும் வைத்துக்கொண்டு, பார்ப்பவனை மடையன் என்று எண்ணி எடுத்த படத்தைப் பகிடி பண்ணுவது ஒருவகையில் நீதியே. சேமித்த காசில் ஆசையோடு முயன்று தோற்றவனைப் பண்ணுவது வேறு. கதை பொருந்தவில்லை என்று சிரிக்கலாம். நடித்தவளின் நிறத்தையும் பருமனையும் காட்டிச் சிரிக்க யாருக்கும் உரிமையில்லை. அது படத்தின் குறையல்லவே.

இனி விமர்சகருக்கு வருவோம். அவர் நிற்பது மூன்றாம் படியில். படம் எடுத்தவனை உரைகாரன் பகிடி பண்ணினான். உரைகாரனை இப்பொழுது இவர் நிறுக்கிறார். அந்த உரைகாரன் பெரும்பாலும் தன் அறையில் இருந்து, சிறு ஒலிவாங்கியின் முன், முதன்முறையாகப் பேசத் துணிந்த ஓர் இளைஞன். 'சகிக்கவில்லை' என்று ஒரே வரியில் எழுதி வாசகரைச் சிரிக்க வைப்பது எளிது. ஆனால், படத்தில் தோற்றவனுக்கு உரைகாரன் இரக்கம் காட்டவில்லை என்று கண்டிக்கும் விமர்சகர், உரையில் தோற்றவனுக்கு இரக்கம் காட்டினாரா? முழுவதும் கேட்டபின் எழுதுவதும், எந்த இடத்தில் பிழைத்தது, எப்படித் திருத்தலாம் என்று சொல்வதும், குரலையும் திக்குவாயையும் தொடாமல் விடுவதும் அவருடைய கடமை. மற்றவர் கையிலே எந்தத் தராசைத் தேடினாரோ, அதிலேயே அவரும் ஏறி நிற்கவேண்டும்.

சின்ன மாமா தொடர்ந்தும் பகிடி விடட்டும். வீடு சிரிக்கட்டும். ஆனால் அவர் அடுத்த வார்த்தையைச் சொல்லுமுன், திரையில் தள்ளாடி நடப்பவன் தம் பக்கத்துக் கதிரையில் இருப்பதாக ஒரு கணம் எண்ணிக்கொண்டால் போதும். சொல்லலாமா, வேண்டாமா என்பது அவருக்கே தெரிந்துவிடும்.