உழவாரப் படையும் ஒன்றிய சார்பும்



சித்திரைச் சதயந்தோறும் நாம் குருபூசை கொண்டாடிவரும் திருநாவுக்கரசு சுவாமிகளது சரிதத்தில், திருப்புகலூரில் நிகழ்ந்த ஒன்றனை ஈண்டுச் சிறிது சிந்திப்பாம். 81 ஆண்டு இந்நிலவுலகில் எழுந்தருளியிருந்தனரென வழங்கப்பெறும் அப்பெருமானார், முதுமையில் அத்தலத்தை அடைந்து, உழவாரப் படையைத் திருக்கையிற் கொண்டு திருமுன்றிலிற் புல்லைச் செதுக்கி வந்தனர். படை நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் திருவருளாற் பொலிந்து தோன்றின. அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒப்பவே கருதி, உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தனரென்று சேக்கிழார் பெருமான் கூறுவர்.

இதனைக் கேட்கும் கோயிற் கணக்கர் ஒருவர், அப்பொன்னைக்கொண்டு திருமதிலேனும் எடுப்பித்திருக்கலாகாதோ என வினவுதல் கூடும். அவ்வினா நகைத்தற்குரியதன்று. திருப்பணிக்கு ஏடு திறந்து வீடுதோறும் நிற்கும் நம்மனோர் உள்ளத்தில், வாய்விட்டுச் சொல்லாதொழியினும், அஃது எழவே செய்யும். பொன் தீயதென்று எறிந்தனரெனின் அதுவும் பொருந்தாது. என்னை? அவ்வரசரே ஆளுடைய பிள்ளையாருடன் திருவீழிமிழலையில் உறைந்த காலத்து வற்கடம் நேர, இறைவர் நாடோறும் பீடத்தில் வைத்தருளிய படிக்காசை ஏற்று அடியார்களுக்கு அமுதளித்தனரன்றோ? கைத்தொண்டு செய்தமையால் அரசர் பெற்ற காசு வாசியில்லாக் காசாயிருந்ததென்றும் அறிகின்றோம். ஆதலின் ஓரிடத்து ஏற்றதும் மற்றோரிடத்து எறிந்ததும் பொன்னின் மேல் வைத்த விருப்பு வெறுப்புக்களால் ஆயினவல்ல. வீழிமிழலையில் அடியார் பசி தீர்த்தல் பணியாயிற்று; அதற்குக் காசு வேண்டியிருந்தது. புகலூரில் முன்றிலைத் தூய்மை செய்தல் பணியாயிற்று. அங்கே காலில் இடறுவது கல்லாயினென், மணியாயினென்? பொன்னை வெறுத்து ஓடுவோனும் பொன்னையே நினைந்து ஓடுகின்றான். அரசர் ஓடினாரல்லர், குனிந்த நிலையினின்றும் நிமிர்ந்தாருமல்லர். பின்னர் அரம்பையர் வந்து ஆடிய காலத்தும் அவர் சித்தநிலை திரிந்திலது.

இதற்குச் சித்தாந்த நூல்வழியே காரணம் காண்போம். உயிரினது அறிவு ஏகதேசமானது; ஒன்றைப் பற்றும்பொழுது மற்றொன்றை விடும் இயல்பினது. அன்றியும், பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறமாய் விளங்குமாறுபோல, உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. பல நிறங்கள் கலந்து அடுக்குமாயின், பளிங்கு எந்நிறத்தையும் தெளியக் காட்டமாட்டாது மயங்கும். நமது நாட்கள் பெரும்பாலும் அம்மயங்கிய பளிங்கினையே ஒக்கின்றன. வாழ்வைச் சுருக்குதல் என்பார் பலரும் பொருளைச் சுருக்குதலையே கருதுகின்றனர். கந்தை உடுத்தும் பல்வழிச் சிதறும் நெஞ்சும் உண்டு. சார்பு ஒன்றாயவழிப் பொருள்கள் தாமே தத்தம் அளவில் அடங்கும்.

கற்றோர்க்கு இவ்விடர் நுண்ணியதாய் வருகின்றது. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால், 40 அடிகளில் நிறைவுற்றது. மாதவச் சிவஞான முனிவர் அதற்குப் பேருரை விரித்தது அந்நாற்பதடியை நாம் நழுவவிடாமைப் பொருட்டேயாம். நாமோ உரையிலுள்ள மறுப்புக்களை மனனஞ்செய்து, மாயாவாதியை வென்ற களிப்பில், பாசம் நீங்கும் வழி கூறும் சூத்திரத்தை நிட்டைக்கு எடுத்துக்கொள்ளாது கழிக்கின்றோம். வாதத்தில் வென்ற நாளில் ஆணவம் மெலிந்ததோ தடித்ததோ என்பதை அவரவரே உசாவுக.

பிறரைக் கூறுவானேன்? அடியேன் தீக்கைபெற்ற நாளில் ஆசாரியர் எடுத்தளித்த உடையவர் ஒருவரே பூசைப்பேழையில் எழுந்தருளியிருந்தனர். ஒரு செம்புத் தண்ணீரும் கூவிளமும் போதியவாயிருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல வெள்ளிக் கிண்ணங்களும், அடுக்குத் தீபங்களும், பிரபையும், மணிகளும் சேர்ந்தன. அன்பர்கள் கொடுத்தனவே, ஒன்றும் விலைகொடுத்து வாங்கியதில்லை என்று மகிழ்ந்துமிருந்தேன். அவற்றைப் புளியிட்டும் நீறிட்டும் துலக்குவதில் விடியற்பொழுது கழிந்தது. திருவைந்தெழுத்துச் செபத்தின் எண்ணிக்கை யானறியாமலே தேய்ந்தது. ஒரு மாரிக்காலத்திற் காய்ச்சலுற்றுக் கிடந்தபொழுது, எழுந்து நிற்கவும் இயலாமையால், உட்கார்ந்தவாறே நீர் சொரிந்து, ஓரிலை சாத்தி, ஐந்தெழுத்தை ஓதினேன். நெடுங்காலமாக நில்லாத நெஞ்சம் அன்று சிறிது நேரம் நின்றது. அது யான் செய்ததன்று. உடல் தளர்ந்தமையின் செய்தற்கு வேறொன்றும் இல்லாமையே துணையாய் நின்றது.

நோய் நீங்கிய மறுவாரமே கிண்ணங்களெல்லாம் மீண்டும் வெளிவந்தன என்பதையும் மறையாது கூறல்வேண்டும். அடுத்த சித்திரைச் சதயத்தன்று புகலூர் வரலாற்றைப் பிறர்க்குப் படித்துக்காட்டுங்கால், வாவியென்னும் சொல் வந்தவிடத்து மேலே படிக்க நாவெழாது நின்றேன். அவற்றை எறிய மனந்துணியவில்லை. அருகிலுள்ள ஆலயத்திற் சேர்ப்பித்தேன். இன்று பீடத்தில் உடையவர் ஒருவரே இருக்கின்றார். ஆயினும் சில நாள் விடியலில், துலக்கவேண்டிய கிண்ணமொன்றைக் கை தேடுகின்றது.