எது அந்த வண்டி?

ஒரு பொருளின் உறுப்புகளுள் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை அவ்விடத்தில் வைத்தால், அப்பொருள் பழைய பொருளாகவே நிற்குமா, அன்றிப் புதிய பொருளாகிவிடுமா? இவ்வினாவை வேலையற்ற பண்டிதர்களின் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் பலர். நாமும் நெடுநாள் அவ்வாறே ஒதுக்கியிருந்தோம். செக்ரோலும் சம்பளக் கணக்கும் முடித்து எழும் தோட்டத்துக் கிராணிக்குத் தத்துவத்திற்குப் பொழுது ஏது? ஆயினும் இவ்வினா, பட்டர்வொர்த்தில் நம் தங்கையின் வீட்டு வாசலில் நான்கு சக்கரங்களோடு வந்து நின்றுவிட்டது. ஆதலின் எழுதத் துணிந்தோம்.

நம் தங்கையின் கணவர் பினாங்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பினாங்குத் துறைமுகம் என்றதும் தீவின் கரையிலுள்ள சுவெட்டன்ஹாம் துறையே பலர் நினைவில் எழும். அங்கு வந்து அணைபவை இப்போது பெரும்பாலும் உல்லாசக் கப்பல்களே. கொள்கலன்கள் ஏறுவதும் இறங்குவதும் எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தின் வடபாலுள்ள முனையத்தில். அங்கே உயரத்தில் தொங்கும் ஒரு கண்ணாடி அறைக்குள் அமர்ந்து, இரு கைப்பிடிகளை விரலால் அசைத்து, டன் கணக்கான பெட்டிகளைத் தூக்கி இறக்குவது மைத்துனரின் தொழில்.

அவரிடம் ஒரு நிஸ்ஸான் செஃபிரோ உண்டு. 1988ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ‘ஏ31’ இனத்தைச் சேர்ந்தது. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் உத்தியோகஸ்தரும் வியாபாரிகளும் மதிப்பாக வாங்கிய கார் அது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள், 1,998 கன சென்டிமீட்டர் எஞ்சின், தானாக மாறும் கியர், சோபாவைப் போன்ற ஆசனம். செஃபிரோ என்பது ஸ்பானிய மொழியில் மெல்லிய மேல்காற்றின் பெயர். நம் முன்னோரோ மேற்கிலிருந்து வீசுவதைக் கோடை என்றனர்; அது சுடும் காற்று. மென்காற்றென்று ஜப்பானியர் பெயரிட்டதை நம் மைத்துனர் கோடையாக்கிவிட்டார்.

எவ்வாறெனில், அவ்வண்டியின் எஞ்சினையும் ஆட்டோ கியரையும் கழற்றிவிட்டு, அதே நிறுவனத்தார் ஸ்கைலைன் என்னும் வண்டிக்கெனச் செய்த 2,498 கன சென்டிமீட்டர் டர்போ எஞ்சினையும், ஐந்து படி கொண்ட மேனுவல் கியரையும் பொருத்தினார். புதிதாக இருந்தபோது இருநூற்றைம்பது குதிரைத் திறன் கொண்ட எஞ்சின். பழையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

இத்தகைய எஞ்சின்கள் இங்கு வந்து சேரும் விதமே தனிக் கதை. ஜப்பானில் கார் வைத்திருப்போர் அதை அரசாங்கப் பரிசோதனைக்குக் காட்டியே தீரவேண்டும். புதிய வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறையும். அச்செலவுக்கு அஞ்சி, நன்றாக ஓடும் வண்டியையும் கழித்துவிடுவோர் உண்டு. அப்படிக் கழிந்தவற்றை முன்பாதியோடு குறுக்கே அறுத்து, எஞ்சினும் கியரும் மின்கம்பிகளும் ஒட்டியபடியே கொள்கலனில் அடுக்கி அனுப்புகின்றனர். பட்டறைக்காரர் இதை ‘ஹாஃப்-கட்’ என்பர். தாம் தூக்கிய பெட்டிகளுள் ஏதோ ஒன்றில்தான் தம் எஞ்சினும் வந்திருக்கும் என்று மைத்துனர் பெருமையோடு சொல்லுவார். அது உண்மையோ அன்றோ, கேட்க இனிமையாகவே இருக்கும்.

டர்போ என்பது யாதென்று அறியாத நேயர்களுக்காகச் சில சொல்வோம். எஞ்சினில் எரிந்த வாயு, சூட்டோடும் வேகத்தோடும் குழாய் வழியே வீணே வெளியேறுகிறது. அவ்வாயு ஒரு சிறு சுழலியைச் சுற்றட்டும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கட்டும். காற்று மிகுந்தால் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம். இவ்வழியைக் கண்டு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர். அச்சிறு சக்கரம் நிமிடத்திற்கு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். கழிவை ஊழியத்திற்கு அமர்த்திய அறிவை மெச்சாதிருக்க இயலுமா?

மேனுவல் கியரின் செய்தி வேறு. அது நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. செஃபிரோ போன்ற சொகுசு வண்டியின் நோக்கமே ஓட்டுபவரின் உழைப்பைக் குறைப்பது. இடக்கால் ஓய்ந்திருக்கும், இடக்கை மடியில் கிடக்கும். மைத்துனரோ பணம் கொடுத்து அவ்வுழைப்பைத் திரும்ப வாங்கினார். கிளட்ச் மிதிக்க ஒரு பெடல் வைத்து, கியர்த் தண்டுக்கு நடுமேட்டில் வழி திறந்து, பின்சக்கரத்திற்குப் போகும் நீண்ட தண்டை அளவு மாற்றி, மூன்று மாதம் வண்டி பட்டறையில் கிடந்தது. தோட்டத்தில் நாம் காண்பவர்கள், எப்போது இவ்வுழைப்பு தீரும் என்று ஏங்கிச் செம்பனைக் குலைகளைச் சுமப்பவர்கள். உழைப்பை விலைக்கு வாங்குவது அவர்களுக்கு விளங்குமா? முதலில் நாம் நகைத்தோம். பின்பு ஒருநாள் அக்கண்ணாடி அறையைப்பற்றி எண்ணிப் பார்த்தோம். நாள் முழுதும் விரல் நுனியால் மட்டும் உலகத்தை அசைக்கும் ஒருவர், தம் கையும் காலும் எதையேனும் உணர்ந்து செய்ய வேண்டுமென்று விரும்பினால் அது இழிவான ஆசையன்று. இதை மைத்துனரின் பொருட்டு ஒப்புக்கொள்கிறோம்.

நிற்க. வினாவுக்கு வருவோம்.

மாலையில் நண்பர்களோடு தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கையில் மைத்துனர் கூறுவது: “இது பழைய வண்டியே அல்ல, முற்றிலும் வேறு பிறவி.” சாலை வரி கட்டும் நாள் வந்ததும் அவரே நம்மிடம் கூறுவது: “அதே வண்டிதான் மச்சான், அதே நம்பர், அதே சேசிஸ், பழையபடி எழுதிவிடுங்கள்.” குடும்பத்தில் எழுத்து வேலையெல்லாம் நம் தலையில்தான் விழும். தீபகற்பத்தில் தனியார் காருக்குச் சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,998க்கு 379 ரிங்கிட். 2,498க்கு 878 ரிங்கிட். வித்தியாசம் 499. இரண்டு ஆண்டுகள் நாமே நம் கையால் பழைய கணக்கில் புதுப்பித்தோம். காப்புறுதிக்கும் அவ்வாறே. ஒருவரும் கேட்கவில்லை. ஜப்பானில் உள்ளது போன்ற காலமுறைச் சோதனை இங்கே தனியார் காருக்கு வழக்கத்தில் இருந்ததில்லை. சோதனைக்கு அஞ்சி அங்கே கழிந்த எஞ்சின், சோதனையில்லாத இடத்தில் மறுவாழ்வு பெற்றது எவ்வளவு பொருத்தம்!

நம் மனமும் சும்மா இருக்கவில்லை. அதற்குத் துணையாகப் பழைய சான்றோர்களைக் கூட்டிவந்தது. யவன அரசன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்டு, எல்லாம் கூடிய இடத்தில் வழங்கும் ஒரு பெயரே தேர் என்று நிறுத்தினார் அல்லவா? பெயரே தேரென்றால், நம்பர் மாறாதவரையில் வண்டியும் மாறவில்லை என்று நாம் தேறுதல் கொண்டோம். ஆங்கிலவழிப் பள்ளியில் கற்ற தெசியஸின் கப்பலும் நினைவுக்கு வந்தது. பலகை பலகையாக மாற்றப்பட்ட அக்கப்பலின் பழைய பலகைகளைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால் எது மெய்யான கப்பல் என்று ஹாப்ஸ் என்பவர் 1655இல் கேட்டு வைத்தார். நம் வழக்கிலும் அது நடந்தது. கழற்றிய பழைய எஞ்சினை வேறொருவர் வாங்கித் தம் செஃபிரோவில் பொருத்திக்கொண்டார். அவருடையதன்றோ இப்போது நம் பழைய வண்டி?

வேதாளக் கதையில் இதைவிடக் கூரிய வழக்கு ஒன்று உண்டு. வெட்டுண்ட இருவரின் தலைகளை மனைவி இடம் மாற்றி ஒட்டிவிடுகிறாள்; இருவரும் உயிர்த்தெழுகின்றனர்; அவள் எவனுக்கு மனைவி? தலை எவனிடம் உள்ளதோ அவனுக்கே என்று விக்கிரமாதித்தன் தீர்ப்பளித்தான். சாலைப் போக்குவரத்து இலாகாவோ உடலுக்குத் தீர்ப்பளிக்கிறது. அதற்குச் சேசிஸ் எண்ணே வண்டி. ஆயினும் தலையை அது மறந்துவிடவில்லை. நம்மவர் ‘கிராண்ட்’ என்று சொல்லும் உரிமைப் பத்திரத்தில் எஞ்சின் எண்ணுக்கும் ஒரு வரி உண்டு. ஒப்புதல் பெற்று, பரிசோதனைக்குக் காட்டி, அவ்வரியைத் திருத்திக்கொள்ள வழியும் உண்டு. ஒப்புதலின்றி மாற்றி ஓட்டுவது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். வேதாளக் கதையில் ஒன்றுமட்டும் நம்மை உறுத்துகிறது. அரசனைக் கேட்டது வேதாளம். அப்பெண்ணின் எண்ணம் யாதென்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

வண்டிக்கு மட்டுமா இவ்வழக்கு? மேடையிலே புது எஞ்சினின் முழக்கம் முழங்கி, மகனுக்குப் பெண் பார்க்கும் நாளில் பாட்டனார் காலத்துச் சேசிஸ் எண்ணை எடுத்து நீட்டும் சீர்திருத்தக்காரரை நேயர்கள் கண்டதில்லையா? நாம் கண்டிருக்கிறோம். துரையின் அறையில் ஒருவராகவும் பெரட்டுக் களத்தில் வேறொருவராகவும் நிற்கும் கிராணியையும் கண்டிருக்கிறோம். அதற்கு நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை, கண்ணாடி போதும்.

இஃதிங்ஙனமாக, ஓர் இரவு மைத்துனர் துறைமுகத்தில் இரவுமுறை வேலையில் இருந்தார். நான்கு வயதுக் குழந்தைக்கு இழுப்புக் கண்டது. முன்பெல்லாம் அவ்வாறு நேர்ந்தால் நம் தங்கை தானே செஃபிரோவை எடுத்து மருத்துவமனைக்குப் போய்விடுவாள். அவளிடமிருப்பது ஆட்டோ வண்டிக்கு மட்டுமான ‘டிஏ’ உரிமம். கிளட்ச் என்பதை அவள் மிதித்தறியாள். சாவி ஆணியில் தொங்குகிறது. வண்டி வாசலில் நிற்கிறது. குழந்தையின் மார்பு துருத்திபோல் ஏறி இறங்குகிறது. வாடகைக் கார் வேண்டிக் கைப்பேசியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்நேரத்தில் ஒன்றும் அகப்படவில்லை. இறுதியில் அடுத்த வீட்டு மலாய்ப் பெரியவர் கதவு தட்டும் ஓசை கேட்டு எழுந்து, தம் சிறு காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். குழந்தை பிழைத்தது. அரைமணி நேரம் வீணாயிற்று, அவ்வளவுதான்.

மறுநாள் நாம் தோட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது, அவள் அழவில்லை, கோபமும் காட்டவில்லை. “அண்ணா, காகிதத்தில் அதே வண்டி என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே? எனக்கு மட்டும் அது வேறு வண்டியாகப் போயிற்று” என்றாள்.

நாகசேனரிடமும் ஹாப்ஸிடமும் விக்கிரமாதித்தனிடமும் இதற்கு மறுமொழி இல்லை. அவர்கள் எல்லோரும் பொருளைச் சுற்றி நின்று பார்த்தார்கள்; அப்பொருளை நம்பியிருப்பவரின் பக்கம் நின்று பார்க்கவில்லை. எஞ்சினை மாற்றிய நாளில் மைத்துனர் எதையெதை நினைவிற்கொண்டார் என்பதை எண்ணிப் பார்த்தோம். பட்டறைத் தவுக்கே கண்டிப்பானவர். வேகம் இருமடங்கானால் வண்டியை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே பழைய பிரேக்கோடு வண்டியை வெளியே விடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அதன்படி பிரேக் மாறிற்று, ரேடியேட்டர் மாறிற்று, டயர் மாறிற்று. புதிய தலையைத் தாங்குமா என்று உடலின் ஒவ்வோர் உறுப்பும் விசாரிக்கப்பட்டது. ஆணியில் தொங்கிய இரண்டாவது சாவி யாருடையது என்று மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை. தவுக்கேக்கு அது தெரிய வழியில்லை. மைத்துனருக்குத் தெரியும். நமக்கும் தெரியும்; அப்படித் தெரிந்துதான் இருமுறை கையொப்பமிட்டோம்.

மாற்றம் தவறென்று நாம் சொல்லவரவில்லை. மாறாதிருப்பதைப் போற்றுவது நம் வழக்கமும் அன்று. ஆனால் மாறியதா, மாறவில்லையா என்னும் கேள்விக்கு ஒருவர் இடத்திற்கேற்ப இருவேறு விடை வைத்திருப்பாராயின், அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழுபவர் எப்போதும் மூன்றாமவரே. 499 ரிங்கிட்டை அரசாங்கம் தாங்கிக்கொள்ளும். அவ்விரவை நம் தங்கை தாங்கினாள்.

இவ்வாண்டு வரி நாள் நெருங்கியபோது, எஞ்சின் எண்ணைத் திருத்தாமல் இனி எழுத மாட்டோம் என்று மைத்துனரிடம் சொன்னோம். ஐந்நூறு ரிங்கிட்டுக்கு இவ்வளவு பேச்சா என்றார். பேச்சு ஐந்நூறைப்பற்றியதன்று என்றோம். இரண்டு நாள் முகங்கொடுக்கவில்லை. பின்பு ஹாஃப்-கட் வாங்கிய ரசீதைத் தேடி அலமாரியைக் கவிழ்த்துப் போட்டதாகத் தங்கை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கிளட்ச் பழக்கித் தருவதாகவும் கூறினாராம். பழகிக்கொள்வதில் அவளுக்குத் தடையொன்றும் இல்லை. எஞ்சினைக் கழற்றுவதற்குமுன் இதைச் சொல்லியிருக்கலாமே என்பதுதான் அவள் குறை.

சென்ற வாரம் போனபோது மேசைமேல் மேனுவல் வண்டி உரிமத்திற்கான விண்ணப்பம் கிடந்தது. வழக்கம்போல் நிரப்பித் தரலாமென்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தோம். அதை அவள் முன்னமே தன் கையால் நிரப்பி முடித்திருந்தாள்.