திரிகையின் மேற்கல்

திரிகையையோ அதன் மேற்கல்லையோ எவரும் அடகாகப் பெறலாகாது என்று இணைச்சட்ட நூல் (24:6) விதிக்கின்றது. அவ்வாறு பெறுவது ஒருவரின் உயிரையே அடகாகப் பெறுவதற்கு ஒப்பாகும் என்பதே காரணம். மேற்கல் ஒரு பாகம் மட்டுமே. ஆயினும் அஃதின்றித் திரிகை சுழலாது. திரிகை சுழலாவிடில் இல்லத்தில் அப்பமில்லை. பழைய இயந்திரங்களின் உதிரிபாகங்கள் அரிதாகி விலையேறும் இக்காலத்தில், இக்கட்டளை நம் சிந்தனைக்கு உரியது.

எச்.எம்.டி. டிராக்டரை எடுத்துக்கொள்வோம். 1971 முதல் ஹரியானாவின் பிஞ்சோரில் உருவான அவ்வண்டிகள் நாட்டின் வயல்களில் நெடுங்காலம் உழைத்தன. 2016இல் மைய அரசு அப்பிரிவை மூட ஒப்புதல் அளித்தது. ஆலை மூடப்பட்டதால் வயலிலுள்ள வண்டியின் தேவை தீர்ந்துவிடுவதில்லை. இனி அதற்குரிய பாகங்கள் எஞ்சிய இருப்பிலிருந்தோ, பிரித்து விற்கப்படும் பழைய வண்டிகளிலிருந்தோ, சிறு பட்டறைகளிலிருந்தோதான் வர வேண்டும்.

விலையேற்றம் அனைத்தும் பேராசையன்று. ஒரு பாகத்தைச் செய்யக் கருவிகளை ஆயத்தப்படுத்த 1,00,000 ரூபாய் ஆகிறதென வைத்துக்கொள்வோம். 1,00,000 பாகங்கள் செய்தால் ஒவ்வொன்றின் மேலும் 1 ரூபாய் ஏறும். 100 மட்டுமே செய்தால் 1,000 ரூபாய் ஏறும். என்றோ வரும் ஒருவருக்காகப் பாகங்களைக் கிடங்கில் காத்துவைப்பதற்கும் செலவுண்டு.

அப்படியாயின் அநீதி எங்கே தொடங்குகிறது? 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா தம் 'இறையியல் தொகுப்பில்' இதற்கு ஓர் அளவுகோல் தருகின்றார். பொருளைக் கொடுப்பதால் தமக்கு இழப்பு நேருமாயின், விற்பவர் அதற்கேற்பக் கூடுதலாகப் பெறலாம். ஆனால் வாங்குபவரின் தேவை பெரிது என்ற ஒரே காரணத்திற்காக விலையை உயர்த்தலாகாது. அத்தேவை வாங்குபவருடையது, தமக்குரியதல்லாததை எவரும் விற்க இயலாது.

இவ்வளவுகோலின்படி, செலவை ஈடுசெய்யும் உயர்விலை நீதியானதே. அறுவடை நாளில் உழவரின் தவிப்பை எடைபோட்டுச் சொல்லும் விலை நீதியன்று. புதியதை வாங்கச் செய்யவேண்டுமென்றே பாகத்தைத் தர மறுப்பது, மேற்கல்லைப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

விற்றவுடன் உற்பத்தியாளரின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதைச் சட்டங்களும் உணரத் தொடங்கியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் நடைமுறையிலுள்ள விதிகள், சலவை இயந்திரங்களின் குறிப்பிட்ட பாகங்கள் விற்பனை முடிந்தபின்னும் 10 ஆண்டுகள் கிடைக்க வேண்டுமெனப் பணிக்கின்றன.

நமக்கும் பங்குண்டு. தூக்கியெறியும் கலாச்சாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் கடிந்துரைத்தார். பழுதுபார்ப்பதை நாம் கைவிடும்போது பட்டறைகள் மூடப்படுகின்றன. புதியது வாங்க வழியற்ற ஏழைக்கே பாகம் கிட்டாமற்போகிறது. மிகுந்த விலைக்கு விற்பது போன்றே, தகுதிக்குக் குறைத்து வாங்குவதும் அநீதி என்கிறார் தோமா. ஆகவே கடைசல் பட்டறையில் அமர்ந்து, ஒரேயொரு பாகத்தை அரை நாள் உழைத்துச் செய்துதரும் தொழிலாளிக்கு நாம் தரும் கூலியும் இந்நீதிக்கு உட்பட்டதே.