பதில் பெறும் உரிமை

"முடிவை அறிவிப்போம்" என்ற சொல்லோடு நேர்முகப் பரீட்சை முடிகிறது. அறிவிப்போ வருவதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் தங்கி, நுகேகொடை ஹைலெவல் வீதியின் அலுவலகங்களில் ஏறி இறங்கும் படித்த இளைஞர்கள் இதனை நன்கறிவர். இது வெறும் மரியாதைக் குறைவா, அன்றி அநீதியா?

விண்ணப்பங்கள் குவிகின்றன, பதிலெழுத நேரமில்லை என்பர். விண்ணப்பித்த அனைவருக்கும் எழுதுவது கடினமே. ஆனால் நேரில் அழைத்து விசாரிக்கப்பட்டோர் ஒரு சிலர்தாம். அவர்களுக்கு இரண்டு வரி எழுத முடியும், எழுதாதிருப்பதில் இலாபமுண்டு. முதலில் தெரிவானவர் மறுத்தால் அடுத்தவர் தேவைப்படுவார். ஆதலால் அவருக்கு ஆம் என்றும் கூறுவதில்லை, இல்லை என்றும் கூறுவதில்லை. வேலையற்றோரை உழைப்பின் சேமப்படை என்றார் கார்ல் மார்க்ஸ். அப்படையின் ஒரு சிறு பிரிவு ஒவ்வொரு கம்பனியின் வாசலிலும் சம்பளமின்றி நிற்கிறது. காத்திருக்கும் நாட்களின் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் விண்ணப்பதாரிக்கு. தாமதத்தின் பயன் முதலாளிக்கு.

வேறொரு காரணமும் உண்டு. சொல்லப்பட்ட காரணத்தை எதிர்த்து வாதாடலாம். சொல்லப்படாததை என்ன செய்வது? பெயரோ, பிறந்த ஊரோ, பேசும் மொழியோ, சிபார்சின்மையோ தடையாயிருந்தால் மௌனமே அதற்குத் தக்க திரை. தனியார் துறைக்கு மட்டும் உரிய நோயன்று இது. இளைஞர் கொந்தளிப்பின் காரணங்களை ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் 1990ஆம் ஆண்டு அறிக்கை, அரச நியமனங்களில் புகுந்த அரசியற் செல்வாக்கை அவர்களது பெரும் மனக்குறைகளுள் ஒன்றாகக் குறித்தது.

அரச நிறுவனத்திடம் கேள்வி கேட்க இன்று வழியுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, தகவல் தரப்படுமா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். தனியார் கம்பனிகள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. வேலையிலிருப்பவரை ஒழுக்காற்றுத் தண்டனையாக நீக்கினால், காரணத்தை எழுத்தில் தெரிவிக்குமாறு வேலை நீக்கம் பற்றிய சட்டம் பணிக்கிறது. வாசலுக்கு உள்ளே நிற்பவனுக்குக் காரணம் கேட்கும் உரிமை. வெளியே நிற்பவனுக்கு அதுவுமில்லை.

பதில் கிடையாதவன் தன்னிலேயே குறை தேடத் தொடங்குகிறான். சமூகத்தின் குறை தனிமனிதனின் தாழ்வுணர்ச்சியாக மாறுகிறது. மௌனம் இழைக்கும் பெருங்கொடுமை இதுவே.

கடிதம் எழுதாத எழுதுவினைஞரைக் குறைகூறிப் பயனில்லை. அவரும் கட்டளைக்குக் கட்டுப்பட்ட சம்பளக்காரரே. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்ட எவருக்கும் குறித்த தவணைக்குள் முடிவை எழுத்தில் அறிவிப்பது சட்டக் கடமையாகட்டும். வேலையிலிருப்போருக்காகப் போராடும் தொழிற்சங்கங்கள், வேலை தேடுவோரின் இக்கோரிக்கையையும் தமதாக்கிக்கொள்ள வேண்டும். இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவர்தாமே நாளை அவ்வாசலில் நிற்கப்போகிறவர்கள்!