மருத்துவ அறிவு: ஈகையா, ஒப்புரவா?

மருத்துவரும் மருத்துவ மாணவரும் மட்டுமே புழங்கிய மருத்துவ நூலகங்கள், நோய் பற்றிய நம்பத்தக்க செய்திகளைப் பொதுமக்களிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் கொண்டு சேர்ப்பதையும் தம் கடமையாக அண்மைப் பத்தாண்டுகளில் ஏற்றுக்கொண்டுள்ளன. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிக் கண்டறிய உதவும் பப்மெட் என்னும் தரவகத்தை 1997இல் யாவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது இம்மாற்றத்தின் ஓர் அடையாளம். இதை நிர்வாகச் சீர்திருத்தமாக மட்டும் கண்டு அமைந்துவிட இயலாது. ஏனெனில் இதற்குள் பழைய அறக்கேள்வி ஒன்று அடங்கியுள்ளது. உடலைப் பற்றிய அறிவை உடையோர் அதனை இல்லாதோர்க்கு வழங்குவது மனமுவந்து செய்யும் தானமா, செய்யத் தவறினால் குற்றமாகும் கடனா என்பதே அக்கேள்வி.

கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலை இக்கேள்விக்கு ஒரு விடையைத் தருகிறது. அதன் பாறைச் சரிவில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசிரியரும் மாணாக்கரும் மட்டுமின்றி, குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் அவர்களுள் அடங்குவர். இங்கே தழைத்திருந்த சமண சமயம் உணவு, மருந்து, நூலறிவு, அடைக்கலம் ஆகிய நான்கையும் வழங்குவதைத் தலையாய தானங்களாக வகுத்தது. அடைக்கலம் அளிப்பதை அபயதானம் என்பர்; அச்சத்தைப் போக்குதல் என்பது அதன் கருத்து. தன் நோய் இன்னதென்றும் அதற்குத் தீர்வு இன்னதென்றும் ஒருவருக்கு விளங்க உரைப்பது மருந்தும் நூலறிவும் அபயமும் ஒருங்கே கூடுகின்ற செயல் என்று கொள்ள இடமுண்டு. எனினும், தானம் என்பது கொடுப்பவரின் உள்ளத்தைத் தூய்மையாக்கும் நெறியே ஆகும். கொடுப்பவர் கையை மூடிக்கொண்டால், பெற வேண்டியவர் அதைக் கேட்டுப் பெறும் உரிமையை அந்நெறி அவருக்குத் தருவதில்லை.

திருவள்ளுவர் இவ்விடத்தில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காண்கிறார். வறியவர்க்குக் கொடுக்கும் ஈகையை 23ஆம் அதிகாரமாக வைத்த அவர், அதற்கு முன்பாகவே ஒப்புரவறிதல் என்னும் 22ஆம் அதிகாரத்தை அமைத்தார். ஒப்புரவு என்பது உலகத்தாரோடு ஒத்து வாழ்பவர் தம்மிடமுள்ளதைப் பொதுவாக்கும் கடப்பாடு. அதனை விளக்க அவர் காட்டும் உவமைகளுள் நீர் நிறைந்த ஊருணியும், தன் எல்லா உறுப்பும் மருந்தாகிப் பயன்படும் மரமும் உள்ளன. ஊருணியின் பொருள் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல்காட்டு மக்களுக்கு உரை கூறி விளக்க வேண்டியதன்று. வானம் பார்த்த இப்பூமியில் ஊருணியில் நீர் மொள்ள வருபவர் எவருக்கும் கடன்படுவதில்லை, எவரையும் வாழ்த்த வேண்டியதுமில்லை; ஏனெனில் அது ஊரார் அனைவரும் சேர்ந்து வெட்டியது.

மருத்துவ அறிவும் அவ்வாறு பலர் சேர்ந்து உண்டாக்கியதே என்பதைக் கோவில்பட்டியின் தீப்பெட்டித் தொழிலே மெய்ப்பிக்கும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வெண்பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளருக்குத் தாடை எலும்பு அழுகும் கொடிய நோய் உண்டாயிற்று. அவர்களுடைய உடல்களைக் கண்டே மருத்துவ உலகம் அந்நோயின் காரணத்தை அறிந்தது; 1906இல் பெர்ன் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையும் 1913இல் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டமும் தீக்குச்சியில் அப்பொருளைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தன. சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் இத்தொழில் வேரூன்றியது அதற்குப் பின்னரே. ஆகவே, இன்று தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் அந்த நோயை அறியாமல் வாழ்வதற்குக் கடல் கடந்த ஏழைத் தொழிலாளரின் துன்பம் ஒரு காரணம். நோயாளிகளின் வலியிலிருந்து திரட்டப்பட்ட அறிவை நோயாளிகளுக்கே திருப்பித் தருவது ஒப்புரவாகுமே அன்றி, ஈகை என்று சிறப்பித்துக் கூறுவதற்கு உரியதன்று.

இக்கருத்துக்கு இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, அறிவைத் தகுதியற்றோர் கையில் தருவது தீங்காகும் என்பது. சித்த மருத்துவ நூல்கள் சரக்குகளைப் பரிபாஷை எனப்படும் குழூஉக்குறியால் மறைத்துக் கூறியதற்கு இவ்வச்சம் ஒரு காரணமாகலாம். இரசமும் பாடாணமும் அளவு தவறினால் உயிரைக் கொல்லும் என்பதால் அதனை எளிதில் தள்ளிவிடலாகாது. ஆனால் மருந்து செய்யும் முறையை மறைப்பது வேறு, நோயுற்றவரிடம் அவர் உடலின் நிலையை மறைப்பது வேறு. நூலகர் மருத்துவம் செய்வதில்லை. ஒரு செய்தியை யார், எப்போது, எந்தச் சான்றைக் கொண்டு எழுதினார் என்பதைக் காட்டி, முடிவை மருத்துவரிடமும் நோயாளியிடமும் விட்டுவிடுவதே அவர் தொழிலறம்.

இரண்டாவது தடை அன்பிலிருந்து எழுவது. புற்றுநோய் போன்றவற்றை நோயாளியிடம் சொல்லாமல் குடும்பத்தார் மறைப்பது நம் வீடுகளில் வழக்கம். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடங்கொடுத்துள்ளார் என்பர். ஆயினும், விளைவது நன்மையா என்பதை அந்நோயைச் சுமப்பவரைக் கேளாமலே பிறர் தீர்மானிக்கும்போது, அந்த நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று எவராலும் உறுதி கூற இயலாது. மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கும் வள்ளுவர் நோயுற்றவரை முதற்கூறாக வைக்கிறார். அறியாமையில் நிறுத்தப்பட்டவர் தம் பங்கைச் செய்யமாட்டார்.

தமிழ் மண்ணில் இக்கடனை உணர்ந்து செயற்பட்டோர் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும் ஒன்று. 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டத்திற்குப் பின்னணியாக அவர் உழைப்பு நின்றது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே தருகிறது.

மாத்திரை சென்று சேரும் அதே வாசலுக்கு அறிவும் செல்ல வேண்டும். சர்க்கரை நோய் முற்றிக் கால் மரத்துப்போன ஒருவர் வெறுங்காலோடு காட்டுக்குள் நடந்தால் சீமைக்கருவேல முள் தைத்ததை உணரமாட்டார். புண் சீழ்பிடித்த பிறகே வீட்டார் காண்பர். இரவுதோறும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது என்னும் இரண்டு செய்திகள் உரிய காலத்தில் சேர்ந்திருந்தால் அக்காலைக் காப்பாற்ற வழியுண்டு. கோவில்பட்டி வட்டாரத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகப் பேசும் குடும்பங்களும், எழுதப் படிக்க அறியாத முதியோரும் பலர் ஆதலால், அச்சிட்ட தாள் மட்டும் போதாது. கிளை நூலகத்தில் உரக்கப் படித்துக் காட்டுவோரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்வோரும் வேண்டும்.

அறிவைப் பெற்றவர் நன்றி கூறுகிறாரா என்பதைக் கொண்டு இப்பணியை மதிப்பிடுவது ஈகையின் அளவுகோல். அவர் தயங்காமல் மேலும் கேட்கிறாரா, புரியாததை மறுத்துக் கேட்கிறாரா என்பதைக் கொண்டு மதிப்பிடுவதே ஒப்புரவின் அளவுகோல். கேட்பவருக்கு அத்துணிவை உண்டாக்காத மருத்துவ நூலகம் எத்தனை நூல்களைச் சேர்த்து வைத்திருந்தாலும் தன் கடனை இன்னும் தீர்க்கவில்லை.