பங்கு ஏட்டிலா, கையிலா?

மீலாது மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்றுண்டு. ‘பெண்ணுக்குச் சொத்துரிமையை இஸ்லாம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழங்கிவிட்டது. இங்கிலாந்து நாட்டு மனைவியோ முழு உரிமை பெற 1882ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தாள். ஆகவே நம் பெண்களுக்குக் குறையேதுமில்லை’ என்பர்.

முன்னிரு கூற்றுகளும் மெய்யே. பெற்றோர் விட்டுச் சென்றதில் பெண்ணுக்கும் பங்குண்டென அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் விதிக்கிறது. ஆயினும் முடிவு அவற்றிலிருந்து பிறக்கவில்லை.

மத்ரஸாக்களில் மன்திக் என்னும் அளவைக் கலைக்குத் தொடக்க நூலாக அப்ஹரீயின் ‘ஈஸாகூஜி’ ஓதப்படுகிறது. இரு கூற்றுகளை இணைக்கும் நடுப்பதம் இரண்டிலும் ஒரே பொருளில் நிற்கவேண்டும் என்பது அக்கலையின் விதி. பொருள் மாறினால் அது முகாலதா. அதாவது போலி வாதம். மேடை வாதத்தை விரித்துப் பார்ப்போம்: நம் பெண்கள் உரிமை பெற்றவர், உரிமை பெற்றவருக்குக் குறையில்லை, ஆகவே நம் பெண்களுக்குக் குறையில்லை. முதற்கூற்றில் உரிமை என்பது விதிக்கப்பட்டது. இரண்டாவதிலோ கைக்கு வந்து சேர்ந்தது.

இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதற்கு வரலாறே சான்று. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் ஏன் பிறந்தது? பிரிட்டிஷ் இந்தியாவின் பல பகுதிகளில் ஊர்வழக்கம் மார்க்க விதியை மிஞ்சி நின்றது. அவ்வழக்கம் தம் உரிமைகளைப் பாதிப்பதாக முஸ்லிம் மாதர் அமைப்புகள் கண்டித்ததை அச்சட்ட முன்வடிவின் நோக்க உரையே கூறுகிறது. அப்போதும் விளைநிலம் விலக்கி வைக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் அவ்விலக்கு நீங்க 1949 ஆயிற்று. திருமறை விதித்ததை வழக்கம் மறித்தது.

மறுசாரார் வாதமும் பழுதுடையதே. ‘பெண்களுக்குப் பங்கு கிட்டவில்லை, ஆகவே மார்க்க விதியே பிழை’ என்பர். மறித்தவர் குற்றத்தை விதியின்மேல் ஏற்றுவது எங்ஙனம் நீதியாகும்?

வாதம் பொய்த்தால் உரிமையும் பொய்த்துவிடாது. பீங்கான் கலத்தைத் தட்டினால் கணீரென ஒலிக்கும். கீறலிருந்தால் ஒலி மழுங்கும். விருத்தாசலத்துச் சூளைகளில் ஒரு கலம் கீறிற்றென்று எவரும் களிமண்ணையே கொட்டிவிடுவதில்லை.

தட்டிப் பார்க்கவேண்டிய வாதம் நம் இல்லங்களிலும் உண்டு. ‘திருமணத்திலேயே சீர் செய்துவிட்டோமே’ என்று கூறி, தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறும் தமையன், கொடையையும் வாரிசுரிமையையும் ஒன்றெனக் கொள்கிறார். பங்கீட்டை விதித்த அதே அத்தியாயம், 13, 14ஆம் வசனங்களில் அவற்றை அல்லாஹ்வின் வரம்புகள் என எச்சரிக்கிறது. மேடையில் இங்கிலாந்தை எடைபோடுமுன், உடன்பிறந்தாளின் பங்கு அவள் கையில் சேர்ந்ததா என்று நம்மை நாமே கேட்போமாக!